பீவி வீட்டு டிராக்டர்

அந்த டிராக்டர் வந்த நாளிலிருந்தே மருதப்பனுக்கு மனசு சரியில்லை. பனவடலிசத்திரத்தில் பாதிப் பேர் வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்துவிட்டுப் போனார்கள். செக்கச்செவேலென்ற சிவப்புப் பெயின்டில் தொழுவத்துக்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஆனால் கிட்டே போனால் மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. டீசல் வண்டியில் மண்ணெண்ணெய்க்கு என்ன வேலை?

வாங்கி வந்தவன் சங்கரசுப்பு, மருதப்பனின் மனைவி பேச்சித்தாய்க்குத் தம்பி. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு டிராக்டர் வாங்குவது என்று பேசி முடித்த வாரத்தில், மருதப்பன் காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. மச்சினன் தனியாகச் சங்கரன்கோவிலுக்குப் போய், ரைஸ்மில் நடத்திய ஷரீபா பீவி வீட்டு வண்டியைப் பேசி ஓட்டி வந்தான்.

"நாலு வருசந்தான் ஓடியிருக்கு அத்தான். டீசல் வண்டி."

சொல்லும்போது அவன் மருதப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. காலில் சுற்றியிருந்த துணியைத்தான் பார்த்தான்.

வண்டியில் ஏறவும் விடவில்லை. "கால் ஆறட்டும் அத்தான்" என்று தடுத்துவிடுவான். காலையில் மருதப்பன் நொண்டிக்கொண்டு தொழுவத்துக்கு வருமுன் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் வண்டிக்குப் பின்னால் நின்று டின்னிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தவன், அத்தானைக் கண்டதும் டின்னை வைக்கோலுக்குள் தள்ளினான்.

மருதப்பன் மனைவியிடம் கேட்டான். "ஏட்டி, ஒந் தம்பி ரேஷன் மண்ணெண்ணெயக் கடத்துதானோ? அதுக்கு இந்த வண்டி ஒரு மறைப்போ?"

"முள்ளு குத்துனது கால்லயா, மண்டையிலயா?" என்று பேச்சித்தாய் சீறினாள். ஆனால் அன்று சாயங்காலம் அவளே அடுப்படியில் வீட்டு டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்ததை மருதப்பன் கவனிக்கத் தவறவில்லை.

சங்கரசுப்பு திருவேங்கடத்துக்குப் போயிருந்த ஒரு பகலில், மருதப்பன் அரிவாள் முனையால் டிராக்டரின் மூக்கைச் சுரண்டினான். சிவப்புக்கு அடியில் சாம்பல் நிறம். இன்னும் சுரண்டினால் தகட்டில் இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. கூட்டிக் கூட்டிப் படித்தான்: பெர்குசன். ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனிப் பேர். களவு மாட்டுக்குக் கொம்பைச் சீவுவது மாதிரி, வண்டிக்கு நிறத்தை மாற்றியிருக்கிறான்! மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஏறிவிட்டான்.

மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்னால் ஷரீபா பீவியின் வீடு. சங்கரசுப்புவுக்கு அத்தான் என்று சொன்னதும், வாசல் நிலையைப் பிடித்தபடி அந்தம்மாள் இவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வித்த வண்டியத் திரும்ப எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. இப்பமே சொல்லிட்டேன்."

"அது ஒங்க வண்டிதானான்னு கேக்க வந்தேம்மா. செவப்புப் பெயின்ட அடிச்சு..."

"செவப்பா? நான் குடுத்தது சாம்பக் கலருல்லா!" இப்போது அவள் கண்ணிலும் சந்தேகம். "வேற எவன் வண்டியையோ கொண்டாந்து எந் தலையில கட்டப் பாக்கீயளா? ஸ்டார்ட் பண்ணுத சுவிட்சு எங்கன இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"அதத்தான் தேடுதேன். காணலையே."

பீவியின் முகம் இளகியது. "அப்பம் எங்க வண்டிதான். அதுக்குத் தனி சுவிட்சு கெடையாது. கியர்க் கம்ப 'எஸ்'ஸுன்னு போட்ட எடத்துக்குத் தள்ளுனா எஞ்சின் எந்திரிச்சிரும். பெட்ரோல்ல கெளப்பி, சூடேறுனதும் குழாயத் திருப்பி மண்ணெண்ணெயில ஓட்டணும்."

"டீசல் இல்லியா?"

"யாரு சொன்னா டீசலுன்னு? சொதந்திரம் வந்து நாலஞ்சு வருசத்துல எங்க வீட்டுக்காரவுக எடுத்தது, கப்பல்ல வந்த வண்டி. அவுக மவுத்தான பொறவு நாந்தான் வாராவாரம் ஓடவிட்டு வச்சிருந்தேன். அம்புட்டையும் ஒங்க மச்சினங்கிட்டச் சொல்லித்தான் குடுத்தேன். மில்லுல மிச்சங் கெடந்த மண்ணெண்ணெயையுஞ் சேத்துல்லா ஏத்திவிட்டேன்?"

திரும்பி வரும் பஸ்ஸில் மருதப்பன் கூட்டிக் கழித்துப் பார்த்தான். களவு இல்லை, கடத்தல் இல்லை. பொய் மட்டும் இருந்தது.

ஊர் திரும்பியபோது சங்கரசுப்பு சுரண்டிய மூக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அத்தான் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான். "பழசுன்னு சொன்னா வேண்டாம்பீய. ஆனா ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன் அத்தான், விட்டுட்டு வர மனசில்ல."

"அதுக்குப் பெயின்ட அடிச்சு ஏமாத்துவியால? எறங்கு. நான் ஓட்டிப் பாக்கேன்."

"நான் இன்னும் ஏறவேயில்லையே அத்தான்."

மருதப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். பீவி சொன்னபடி கியர்க் கம்பைத் தள்ளினான். எஞ்சின் ஒரு செருமலில் எழுந்தது. வயலுக்கு ஓட்டிப் போய், பின்னால் மாட்டியிருந்த கலப்பையைக் கரிசலில் இறக்கியதும் மண் அலையலையாகப் புரண்டது. வரப்போரத்தில் சீட்டுப் பக்கத்துச் சின்னக் கம்பியை இரண்டு விரலால் தூக்கினான். அவ்வளவு பெரிய கலப்பை, சொன்ன சொல் தட்டாமல் மேலே எழுந்து நின்றது. இத்தனை வருஷமாக அதைத் தூக்கித் திருப்ப மாடும் மனுஷனும் பட்ட பாட்டை நினைத்தான்.

"எப்படி அத்தான்?"

மருதப்பன் இறங்கினான். "நீ ஓட்டு. நான் பின்னால வந்து ஆழம் பாக்கேன். ஒன்ன இன்னும் நம்பலை."

ஒரு சோளத்தட்டையை ஒடித்து எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி உழவுச்சாலில் நடந்தான். குத்திப் பார்த்த இடத்திலெல்லாம் தட்டை ஒரே அளவுக்குத்தான் இறங்கியது. பாதி வயல் தாண்டியதும் தட்டையைத் தூர எறிந்துவிட்டு, வண்டியின் சத்தத்தைக் கேட்டபடி அப்படியே நின்றான்.