வாசலில் ஒட்டிய மஞ்சள் டேப்

ஊர்ப்பட்ட சந்துபொந்துகளில் பஸ்ஸை நுழைத்து எடுத்தவர் டிரைவர். இப்போது சொந்த வீட்டுப் படுக்கையறை வாசலைத் தாண்டுவதே அவருக்குப் பெரும்பாடு. பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து வாசலைக் கண்டாலே கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன.

அதற்காகத்தான் தெரபிஸ்ட் அம்மா போன வாரம் வந்து வாசலுக்குக் குறுக்கே தரையில் மஞ்சள் டேப் ஒட்டினாள். "கோட்டைப் பாருங்க சார், அதைத் தாண்டுங்க" என்றாள். மந்திரம் போட்ட மாதிரி கால் வந்தது. இன்று அவள் வந்து மணியடிக்கும்போது அவரே போய்க் கதவைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் பகலில் அவரைத் தனியாக விடலாம் என்று பேச்சு. இல்லாவிட்டால் கூடவே ஒரு ஆள். கழிப்பறைக்குப் போனாலும் வெளியே நின்று "முடிஞ்சுதா?" என்று கேட்கிற ஆள். நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி அடித்தது. எழுந்து வந்தார். அறை வாசலில் டேப்பைக் காணோம்.

"டேப்பு எங்க?"

"அவங்க வர்றாங்களேன்னு வீட்டைத் துடைச்சேன். ஓரமெல்லாம் பிசுபிசுன்னு அழுக்கு. சுரண்டி எடுத்துட்டேன்" என்றாள் மனைவி.

ஒட்டியவள் வருகிறாள் என்று ஒட்டியதையே பிடுங்கிப் போட்ட புத்தியை எங்கே போய்ச் சொல்லி அழுவது! கோபம் ஏற ஏறக் கால் இன்னும் இறுகியது. மணி மறுபடியும் அடித்தது.

"வாங்க, கையைப் பிடிச்சுக்கிறேன்."

"இழுக்காதே! விழுந்து தொலைப்பேன்!"

மனைவி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தன் பாதத்தை அவருக்கு முன்னால் குறுக்கே வைத்தாள்.

"இந்தாங்க, இதுதான் கோடு. தாண்டுங்க."

தாண்டினார். கால் வந்துவிட்டது. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போய்க் கதவைத் திறந்தார்.

"அடேங்கப்பா! தனியாவே வந்துட்டீங்களா சார்?"

"ஆமாம்மா, தனியாவேதான்" என்று மனைவி பின்னாலிருந்து முந்திக்கொண்டாள்.

ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், கூட ஆள் வராது. ஆனால் நாளைக்கு அவள் கடைக்குப் போன நேரத்தில் அந்தப் பாதத்துக்கு எங்கே போவது?

"பொய்ம்மா. இவ காலைத் தாண்டித்தான் வந்தேன்" என்றார் டிரைவர். "முதல்ல அந்த டேப்பை ஒட்டுங்க. அப்புறம் வெளிய போய் மறுபடி மணியடிங்க."