ஞாயிற்றுக்கிழமைக் குரல்

மய்யத்தைக் குளிப்பாட்டும் வெந்நீரில் முனவரா இலந்தை இலையைக் கசக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது, கொல்லைப்பக்கமிருந்து செத்துப்போன கணவரின் குரல் கேட்டது.

“முனவரா! டீ இப்ப வருமா, இல்ல அடுத்த ஷிப்டுக்குத்தானா?”

அவள் கை நின்றது. கூடத்தில் யூசுப் வெள்ளைத் துணிக்கடியில்தான் கிடந்தார்.

“அந்த பைக் திருடுன இளவழகன்மா,” மகள் ருக்சார் பல்லைக் கடித்தாள். “அத்தா மாதிரி பேசிக் காட்டிகினு இருக்கான். மய்யத்து வூட்ல மிமிக்ரி! தொரத்திடறேன்.”

“இரு.”

சுரங்கத்தில் ரிட்டையர் ஆனதும், கோர்ட் நன்னடத்தையில் விட்ட பையன்களுக்குப் புத்தி சொல்லும் தன்னார்வலராக யூசுப் சேர்ந்தார். ஞாயிறுதோறும் வடக்குத்து ஊரில் இந்த வீட்டிலேயே அறிவுரைக் கச்சேரி. அவர் வாய் திறந்தால் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டே வெட்கப்பட்டு நின்றுவிடும். ‘இதுக்கு ஜெயிலே தேவலை’ என்று ஒருவன் ஜட்ஜ் காலில் விழுந்ததாக வடக்குத்து முழுக்கச் சத்தியம் செய்வார்கள்.

திருட்டுப் பசங்களுக்கு என் தம்ளரில் டீயா என்று, பெருநாளிலிருந்து முனவரா அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தாள். இன்று காலையும் கூப்பிட்டார். வேண்டுமென்றே திரும்பவில்லை. திரும்பியபோது நாற்காலியில் அவர் தலை சாய்ந்திருந்தது.

புருஷன் இறந்தபின் இருக்கும் இத்தா தொடங்கிவிட்டது, இனி அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. கொல்லைப்பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகக் கேட்டாள்:

“ஏன்டா இப்படிப் பண்ற?”

“அழுவ வருது பாயம்மா. அவரு கொரல்ல பேசுனா நிக்குது.”

“என்னப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?”

“‘எனக்கும் வூட்ல நன்னடத்தைதான்டா நடக்குது, நீங்கல்லாம் எனக்கு முன்னாடி ரிலீசாயிடுவீங்க’ம்பாரு.”

ருக்சார் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொருக்கா கூப்பிடு,” என்றாள் முனவரா.

வெளியே அவன் தொண்டையைச் செருமினான். பிறகு, கொஞ்சம் கரகரத்து, அச்சு அசலாக:

“முனவரா...”

“என்னங்க?”

வெளியே அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதே குரல்தான் மறுபடி பேசியது.

“ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கூப்ட்டேன்.”

கூடத்தில் வெந்நீர் கேட்டார்கள். ருக்சார் அண்டாவை இறக்கப் போனாள். முனவரா ஜன்னல் பலகையில் கையை வைத்தபடி நின்றாள். வெயில் பட்டு அது கதகதப்பாக இருந்தது.