தலைவருக்கு வளர்த்த சடை

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் ஆண்பிள்ளை முடி வளர்த்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். திருப்பதிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறான், அவ்வளவுதான். என்ன வேண்டுதல் என்றும் கேட்க மாட்டார்கள். வெளியே சொன்னால் பலிக்காதாம். இந்த நல்ல வழக்கத்தின் புண்ணியத்தில் கிஷோர் ஜம்மென்று சடை வளர்த்தான்.

அவன் வளர்த்தது தலைவருக்கு. தலைவர் என்றால் கட்சிக்காரரோ சினிமாக்காரரோ இல்லை. அமெரிக்காவில் ராப் பாடி, கிஷோர் நடை பழகுவதற்கு முன்பே செத்துப்போன மகான். மண்டை முழுக்க வரிவரியாகச் சடை பின்னியிருப்பார். அவர் பாட்டில் பாதி வசவு என்று சொன்னார்கள். மீதிப் பாதி கிஷோருக்குப் புரியவில்லை. அதனால் பக்தி குறைந்துவிடுமா? மந்திரம் புரிந்தா அர்ச்சனை செய்கிறோம்? தங்கை ரேஷ்மா அவனுக்குச் சடை பின்னி, நுனியில் வீட்டு விசைத்தறியில் மிஞ்சிய சிவப்பு நூலைக் கட்டிவிடுவாள்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் அவனுக்குப் பேக்கிங் வேலை. முடியை வெட்டிவிட்டு வா என்றார் மேனேஜர். "திருப்பதி வேண்டுதல் சார்" என்றான் கிஷோர். மேனேஜர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே அவனுக்கு மட்டும் பெரிய தொப்பி வந்தது. கம்பெனி எந்த தேசத்துடையதாக இருந்தால் என்ன, சாமி குத்தம் சாமி குத்தம்தானே.

திருப்பதியில் தலைவர் நினைவாக ராப் போட்டி அறிவித்தார்கள். தறிச் சத்தத்தையே தாளமாக்கி கிஷோர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். அதை நாலு பேர் கேட்டுவிட்டால், தான் அட்டைப்பெட்டி ஒட்டப் பிறந்தவன் இல்லை என்பது உலகத்துக்குத் தெரிந்துவிடும். சடை இல்லாமல் மேடையேறுவதை மட்டும் அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், வீட்டில் பை கட்டித் தயாராக இருந்தது.

"நாளைக்கி மலைக்குப் போறோம்" என்றாள் அம்மா கமலம்மா.

"எதுக்கும்மா?"

"எதுக்கா? ஒங்க நைனாவுக்கு நெஞ்சு ஆபரேசன் ஆனதுலேர்ந்து நீ முடி வளத்துக்கினு கீற. எனக்குத் தெரியாதா? இனிமே பயமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சாமி கடனை வெச்சிக்கினு இருக்கக் கூடாது."

அப்பா நாகபூஷணம் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "எங்கூடப் பொறந்தவனே எட்டிப் பாக்கல. வயசுப் புள்ள நீ, வெயில்ல வேர்த்துக்கினு எனக்காவ இத்தச் சொமந்தியேடா" என்று அழுதார்.

ஆபரேஷன் நடந்ததும் தான் சடை வளர்க்கத் தொடங்கியதும் ஒரே சமயத்தில் என்பது கிஷோருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்காக அவன் ஒரு சூடம்கூட ஏற்றியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே அப்பாவின் தையல் தழும்பு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

திருமலையில் நாவிதர், "ஜடலு பாகுன்னாயி சாமி" என்று தெலுங்கில் மெச்சிவிட்டுக் கத்தியை வைத்தார். சிவப்பு நூலோடு சடைகள் மடியில் விழுந்தன. பக்கத்தில் நாகபூஷணமும் உட்கார்ந்து, "எம்மவனுக்காவ" என்று தலையைக் கொடுத்தார். கிஷோர் அழுதுவிட்டான். பக்தி முற்றிவிட்டது என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இறங்கும் பஸ்ஸில் நாகபூஷணம் மொட்டையைத் தடவியபடி முன்சீட்டுக்காரரைக் கேட்டார். "இவ்ளோ முடியையும் இன்னா பண்ணுவாங்க?"

"ஏலம் வுட்ருவாங்க. அமெரிக்கா வரிக்கும் போவுதாம். அங்க கருப்பருங்கல்லாம் வாங்கி, தலையில வெச்சிச் சடை பின்னிக்குவாங்களாம்."

கிஷோருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாஸ்போர்ட்டுக்கே வழியில்லாதவன் தலையிலிருந்து முடி மட்டும் தலைவர் ஊருக்குக் கிளம்பிவிட்டது. சிரித்து முடித்தபோது, சடை இல்லாமலும் பாடலாம் என்று தோன்றியது.

"நைனா, நாளைக்கி கீழ் திருப்பதில ஒரு பாட்டுக் கச்சேரி. நான் பாடறேன். இருந்து கேட்டுட்டுப் போலாமா?"

"சாமிப் பாட்டாடா?"

கிஷோர் கொஞ்சம் யோசித்தான். "ஆமா நைனா. சடைச்சாமி."

நாகபூஷணம் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.