கமலாவுக்கு வந்த போன்

என் தம்பி ஜீவா கரும்பு டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போன பிறகு, அவனுடைய போன் என்னிடம் வந்து சேர்ந்தது. அவன் பெண்டாட்டி கமலா அது தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். மணி அடித்தால் அவன் குளித்துக்கொண்டே உள்ளேயிருந்து "எடு, எடு" என்று கத்துவதுபோல இருக்கிறதாம். நாத்தனார் நான், வேறென்ன செய்ய? வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கருமாதி முடிந்த சில நாளில் கச்சிராயபாளையத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். சாவு விழுந்த வீட்டுப் பெண்களோடு வாராவாரம் போனில் ஒரு குரல் பேசும், அது மனுஷி இல்லை, கம்ப்யூட்டர் என்று நர்ஸ் சொன்னாள். தூக்கம், சாப்பாடு, மனசு எல்லாம் கேட்குமாம். பதிலை வைத்து மனச்சோர்வு ஜாஸ்தி என்று தெரிந்தால் கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவிடம் வரச்சொல்லிக் கூப்பிடுவார்களாம். கமலா பெயரையும் ஜீவாவின் நம்பரையும் கொடுத்தேன். கமலா அப்போது சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். பிசைந்து வைத்த சோறு பிசைந்தபடியே காயும். இவளும் அவன் பின்னாலேயே போய்விடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

முதல் போன் வந்ததும் அவள் காதில் வைத்தேன். தள்ளிவிட்டாள்.

"நீயே சொல்லு அண்ணி. எனக்கு இன்னா ஆவுதுன்னு உனக்குத் தெரியாதா?"

அதுவும் சரிதான். எங்கள் பக்கம் துக்க வீட்டில் தாலியறுத்தவளிடம் யாரும் நேராக விசாரிக்க மாட்டார்கள். "அவ எப்டி இருக்கா?" என்று நாத்தனாரைத்தான் கேட்பார்கள், நாத்தனார்தான் பதில் சொல்ல வேண்டும். விபத்துப் பணத்துக்காகத் தாலுகா ஆபீஸ்காரர் வந்தபோதும் நான்தான் பேசினேன். மெஷின் மட்டும் என்ன ஒசத்தியா?

எங்கள் கொல்லை நிலத்தில் விளைந்த மக்காச்சோளத்தை ரோட்டில் காயப்போட்டிருந்த காலம் அது. மதிய வெயிலில் தார் ரோடு தண்ணீர் போல நெளியும். தூரத்தில் கல்வராயன் மலை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலத்தில் மிதக்கும். நான் சோளத்துக்குள் கால் இழுத்து நடந்து கிளறிவிட்டு, புளியமரத்தடியில் வந்து உட்காருவேன். புதன்கிழமைகளில் அப்போதுதான் போன் வரும்.

"வணக்கம் கமலா. இந்த வாரம் உங்கள் தூக்கம் எப்படி இருந்தது?"

"தூக்கமா? அது எந்தக் கடையில விக்கிது?"

"தூங்குவதில் சிரமம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஊரில் யார் இப்படிப் பேசுகிறார்கள்! ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தக் குரலுக்குப் பொறுமை இருந்தது. அழாதே என்று சொல்லாது. எல்லாம் தலையெழுத்து என்று பெருமூச்சு விடாது. கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அந்த நேரத்தில் சோளம் வெயிலில் பட்பட்டென்று வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும், கண் தானாகச் சொருகும். ஜீவா ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து சோளத்தின் மேலேயே நடந்து வருவான். அவன் காலடியில் ஒரு சோளமணிகூட நகராது. தலை ஈரமாக இருக்கும். கோமுகி வாய்க்காலில் குளித்துவிட்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். கிட்டே வந்து சிரிப்பான், கூப்பிடுவதற்குள் வெயிலோடு வெயிலாகப் போய்விடுவான்.

"கமலா, நீங்கள் இருக்கிறீர்களா?" என்று அந்தக் குரல் கேட்கும்.

"இருக்கேன், இருக்கேன். எங்க போவப் போறேன்?"

அடுத்தடுத்த வாரங்களில் அதற்கு நிறையச் சொன்னேன். வாயில் வைத்தால் சோறு மண்ணாக இருக்கிறது என்றேன். யாராவது சிரித்தால் அறையலாம்போல வருகிறது என்றேன். செத்தவர் மத்தியானத்தில் வந்து நிற்கிறார் என்றேன். கமலாவுக்காகத்தானே, கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொன்னால் டாக்டரம்மா சீக்கிரம் கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கவும் ஆரம்பித்துவிட்டேன். மெஷினுக்குக் காத்திருக்கிற பைத்தியக்காரி யாராவது உண்டா!

ஒரு புதன்கிழமை அது கேட்டது.

"உயிரோடு இருக்க வேண்டாம் என்று இந்த வாரம் எப்போதாவது தோன்றியதா?"

புளிய இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. நான் யோசிக்கவேயில்லை.

"சாயங்காலம் கெணத்தாண்ட போனா திரும்பி வரத் தோணல. அந்தத் தண்ணி வா வான்னு கூப்புட்ற மாரியே கீது."

"இதை என்னிடம் சொன்னதற்கு நன்றி. இப்போது உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?"

"யாரும் இல்ல. சோளந்தான் கீது."

சற்று நேரத்தில் நர்ஸ் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். நாத்தனார் பேசுகிறேன் என்றதும், கமலாவைத் தனியாக விடாதீர்கள், நாளைக் காலையிலேயே கூட்டிவாருங்கள் என்றாள். சோளத்தை அப்படியே போட்டுவிட்டு கமலா வீட்டுக்கு ஓடினேன். அவள் அடுப்பில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. நாளைக்கு டாக்டராண்ட போறோம்."

"நான் நல்லாத்தான இருக்கேன் அண்ணி."

"வாய மூடு. எங்கிட்டயே நடிக்காத."

அன்றைக்கு அங்கேயே படுத்தேன். வாசற்கதவை மறித்துப் பாய் விரித்தேன்.

மறுநாள் பஸ்ஸில் அவள் கையை நான் விடவேயில்லை. டாக்டர் தனுஷா சின்ன வயதுப் பெண். கமலாவை எதிரே உட்காரவைத்து மெதுவாகப் பேசினார். நான் சுவரோரம் நின்றேன்.

"கிணத்துகிட்ட போனா திரும்பி வரத் தோணலன்னு சொல்லியிருக்கீங்க. அந்தக் கிணறு எங்க இருக்கு கமலா? வீட்டுப் பக்கத்துலயா?"

"கெணறா?" கமலா விழித்தாள். "எங்க தெருவுல ஏதுங்க கெணறு? போர் பைப்புதான்."

பிறகு அவள் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது.

"கெணறு இருக்கறது அண்ணி கொல்லையிலதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாந்தான் போன்ல பேசுனது, இப்ப இன்னா அதுக்கு? அவளுக்காவச் சொன்னது டாக்டரம்மா! அவதான் தூங்கறதில்ல, அவதான் துன்றதில்ல..."

"நான் தூங்குறேன் அண்ணி," என்றாள் கமலா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "கொஞ்ச நாளாவே நல்லாத் தூங்குறேன். பசிக்கவும் செய்யிது. அவரு போயி எனக்குப் பசிக்குதேன்னு உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துது."

டாக்டரம்மா எழுந்து வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்கக்கா. கிணத்துகிட்ட போய் நின்னது யாரு?"

எத்தனையோ சாயங்காலம் மோட்டார் போடும் சாக்கில் போய் நின்றிருக்கிறேன். கீழே கருப்புத் தண்ணீரில் வானம் ஆடும், என் முகமும் ஆடும். அதைக் கமலாவின் துக்கம் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"நாந்தாங்க," என்றேன்.

அதற்குப் பிறகு அழுகை வந்தது. கருமாதியில்கூட வராத அழுகை.

"புருசன் செத்தா ஊரே பொண்டாட்டியச் சுத்தி உக்காருது டாக்டரம்மா. தம்பி செத்தா அக்காகாரி எழுந்து வந்தவங்களுக்குக் காப்பி போடணும். அவன இடுப்புல தூக்கி வளத்தவ நானு. நீ எப்டி இருக்கன்னு என்ன ஒரு நாயி கேக்கலியே! அந்த மெஷினு கேட்டுது. அதுவும் கமலான்னு நெனச்சிக் கேட்டுது."

கமலா தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரி ஷெட்டில் இருந்த என் வீட்டுக்காரரிடம் டாக்டரம்மாவே போனில் பேசினார், கிணற்றுப் பக்கம் என்னைத் தனியாக விடக்கூடாது என்று. திரும்பும் பஸ்ஸில் நான் தூங்கிப்போனேன். சன்னலில் மலை கூடவே வந்தது, கனவிலும் வந்தது. ஜீவா வரவில்லை.

கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் கொல்லைப் பக்கம் திரும்பினேன். கமலா என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? வூட்டுக்கு வா."

"சோளம் ரோட்டுல கெடக்குதுடி."

"கெடக்கட்டும். பொறந்த வூட்டுக்கு வந்தவள வந்த காலோட யாருனா அனுப்புவாங்களா?"

தம்பி போனதோடு எனக்குப் பிறந்த வீடும் போயிற்று என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மெஷினிடம்கூடச் சொன்னதில்லை.

"இன்னா குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.