கேரல் ஆனின் பென்சில்

அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளில், பேசப்போகிறவர்களின் பெயர்களுக்குக் கீழே "தயவுசெய்து இரண்டு நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். வழக்கமாகப் போடுவதுதான். ஆனால் என் பெயருக்குக் கீழே மட்டும் அது தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் சபைக்கு என்னை நன்றாகத் தெரியும்.

மார்ச் மாதம் இறந்தது என் தங்கை வெர்லீன். அவளுக்கு எழுபது, எனக்கு எழுபத்து மூன்று. அவளைப் பற்றிப் பேச மூன்று தாள்கள் எழுதி வைத்திருந்தேன், இரண்டு பக்கமும்.

மேடை எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பிப்ரவரியிலும், கறுப்பர் வரலாற்று மாதத்துக்காக, இந்த மாவட்டத்துப் பள்ளிகள் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாகப் படித்த அந்தக் காலத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடும். ஊதாத் தொப்பி வைத்துக்கொண்டு போவேன். "என் தங்கை வெள்ளையர் பள்ளிக்குப் போனாள். நம் பள்ளியின் விளக்கு அணையாமல் காக்க நான் இங்கேயே நின்றேன்" என்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒருமுறை வெர்லீனும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். கைதட்டவும் செய்தாள். வெளியே வந்த பிறகு, "அந்த விளக்கு எத்தனை வாட்டுடி?" என்று மட்டும் கேட்டாள்.

ஜார்ஜியாவில் அது 1966-ஆம் வருடம், பீச் மரங்கள் பூத்திருந்த சமயம். கறுப்பர், வெள்ளையர் என்று பள்ளிகளைப் பிரிக்கக்கூடாது என உச்ச நீதிமன்றம் சொல்லிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. மாவட்டக் கல்வி அலுவலகம் ஒருவழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் அனுப்பியது. அதில் இரண்டு கட்டங்கள்: ஒன்று எங்கள் பள்ளி, இன்னொன்று வெள்ளையர்களின் மேட்டுப் பள்ளி. விரும்பியதில் குறி போடலாம். வெள்ளையர் வீடுகளுக்கும் அதே படிவம்தான் போனது. அவர்களில் ஒருவர்கூட எங்கள் பள்ளிக்குக் குறி போடவில்லை. இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர்.

சிறு பிள்ளைகளின் படிவத்தில் தாயோ தகப்பனோ கையெழுத்திட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே போகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம். நான் பத்தாவது முடிக்கப்போகிறவள், வெர்லீன் ஏழாவது.

"அங்க பதினாலு மைக்ராஸ்கோப் இருக்காம்மா," என்றாள் வெர்லீன். "நம்மகிட்ட ஒண்ணுதான். அதுலயும் கண்ணாடி கிடையாது."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்திருந்த அம்மா காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "கண்ணாடி இல்லாம அதுல என்னத்தப் பாக்குறீங்க?"

"வரிசையா நின்னு குழாயைப் பாப்போம்."

அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து போறதுன்னா போங்க. ஒருத்தி மட்டும்னா பேச்சே இல்ல. டீனி, நீ இவ பக்கத்துல இருப்பியா?"

என் பெயர் எர்னஸ்டின். வீட்டில் டீனி.

"இருப்பேம்மா," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா வெர்லீனின் படிவத்தில் மேட்டுப் பள்ளிக்குக் குறி போட்டுக் கையெழுத்திட்டாள். இரண்டு படிவங்களையும் பள்ளியில் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

மறுநாள் காலை, பேருந்து வரும் இடத்தில் நின்று என் படிவத்தை நிரப்பினேன். தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கெட்டியாக ஏதாவது வேண்டியிருந்தது. வடிவியல் புத்தகத்தை எடுத்தேன். எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்த வினை.

எங்கள் புத்தகங்கள் எல்லாம் மேட்டுப் பள்ளி பிள்ளைகள் படித்துக் கிழித்துத் தள்ளிவிட்டவை. உள் அட்டையில் அவர்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும். அடியில் எங்கள் பள்ளியின் முத்திரை, அதற்கும் அடியில் நாங்கள். எனக்கு முந்திய பெயர் கேரல் ஆன் பிரதர்டன், 1957. அவள் ஒரு மேதை. ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் பொடிப் பொடி எண்களில், மெல்லிய பென்சிலில், விடையையும் அது வந்த வழியையும் போட்டு வைத்திருந்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. ஒன்பதாவதில் ஐந்தாவதாக வந்த நான், பத்தாவதில் முதலாவதாக வந்தது அவள் புண்ணியத்தில்தான். சில பக்கங்களில் பென்சிலோடு எண்ணெய்க் கறையும் இருக்கும். பாவம், வெள்ளையர் வீட்டிலும் பொரித்த கோழியைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவாமல்தான் படிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டமளிப்பு நாளில் முதல் மாணவி பேச வேண்டிய உரையை இரண்டு வருடம் முன்பே எழுதத் தொடங்கியிருந்தேன். தலைப்பு, துணிவு.

பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தேன். மேட்டுப் பள்ளியில் புத்தகம் புதிதாக இருக்கும். அதில் பென்சில் இருக்காது. அறை முழுக்கக் கேரல் ஆன்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாரத்திலேயே என் சாயம் வெளுத்துவிடும். பேருந்து வளைவில் திரும்புவது தெரிந்தது. எங்கள் பள்ளியின் கட்டத்தில் குறி போட்டேன். துணிவைப் பற்றிய உரை கைப்பையில் பத்திரமாக இருந்தது.

ஆகஸ்டில் முடிவு வந்தது. வெர்லீன் மேட்டுப் பள்ளி. நான் பழைய பள்ளி.

"இது எப்படி?" என்றாள் அம்மா.

"ஆபீஸ்ல மாத்திட்டாங்கம்மா," என்றேன்.

யாரும் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. அந்த அலுவலகம் அதுவரை செய்திருந்த காரியங்கள் அப்படி. அத்தனை வருடங்களில் அவர்கள் நேர்மையாகச் செய்த ஒரே வேலை என் படிவத்தைச் சரியாகப் படித்தது. அதையே பழியாக்கி அவர்கள் தலையில் போட்டேன்.

ஒருத்தியை மட்டும் அனுப்பமாட்டேன் என்றிருந்த அம்மா கொதித்து எழுந்தாள். "ஒருத்தியைத் தடுத்தா இன்னொருத்தியும் பயந்து நின்னுடுவான்னு கணக்குப் போட்டிருக்கானுங்க. வெர்லீன், நீ போடி. நீ போய் அவனுங்க முன்னாடி உக்காரு."

பாஸ்டர் எனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி ஞாயிறு முழுக்கப் பிரசங்கித்தார். அட்லாண்டாவிலிருந்து ஒரு வக்கீல்கூட வந்துவிட்டார். நல்ல கோட்டு, நல்ல பேனா.

"கவலைப்படாதம்மா. முதல்ல அந்தப் படிவத்தை எடுத்துப் பாத்துடுவோம்," என்றார்.

எழுந்து நின்றேன். "வேண்டாம் சார். எல்லாரும் போயிட்டா நம்ம பள்ளிக்கூடத்துல யார் இருப்பா? நான் நம்ம சனங்களுக்காக இங்கயே இருக்கேன்."

பாஸ்டர் கண்ணைத் துடைத்தார். ஐம்பது வருடம் ஓடிய என் விளக்குப் பேச்சு பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

வெர்லீன் தனியாகப் போனாள். பேருந்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடும். சாயங்காலம் வந்ததும் கொல்லைக் குழாயில் நின்று சட்டையின் முதுகுப்புறத்தைத் தேய்த்துக் கழுவுவாள். மை, சில நாள் எச்சில். நான் சன்னலில் நின்று பார்ப்பேன். "என்னடி ஆச்சு?" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே.

எனக்கும் அந்த வருடம் சோதனைதான். பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பழைய சொந்தக்காரன் டுவைட் என்றொருவன். அட்டையிலிருந்து அட்டை வரை ஒரு கணக்கு போட்டிருக்கவில்லை, இரண்டு கார் படம்தான். சோம்பேறி நாயே என்று அவனை மனதுக்குள் திட்டினேன். நான்காவது இடத்துக்கு இறங்கினேன். அடுத்த வருடம் பட்டமளிப்பு நாளில் பேசியவன் என் வகுப்பில் படித்த கிளியோபஸ். தோட்டக்கலையைப் பற்றிப் பேசினான்.

போன இலையுதிர் காலத்தில், வெர்லீனுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பெண்ணிடம் நான் வழக்கமான விளக்குக் கதையைச் சொல்ல, அவள் "வாவ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெர்லீன் கண்ணை மூடியிருந்தாள். எனக்கு ஏனோ வாய் கசந்தது.

"வெர்லீன், அந்தப் படிவம். ஆபீஸ்ல மாத்தல. நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முத வாரமே மேட்டுப் பள்ளி ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ஆபீஸ்லேருந்து வாங்கி வச்சிருந்த உன் படிவத்தக் காட்டினாரு. 'உங்க அக்காவுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லியே'ன்னாரு. உன் கோணல் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே என்னை வீட்டுக்கு இழுத்துட்டு வந்திருப்பாங்க. அவங்க என்னை அனுப்பினதே ஆபீஸ் மேல இருந்த கோவத்துல. நான் அப்பத்தான் மைக்ராஸ்கோப்புல வெங்காயத் தோலைப் பாத்திருந்தேன்." கண்ணைத் திறந்தாள். "ஆனா ஏன்னுதான் எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. உனக்கு என் மேல என்னடி கோவம்?"

"கோவமா? பயம்டி." கேரல் ஆனைப் பற்றிச் சொன்னேன். பென்சில், முதலிடம், கோழி எண்ணெய், எல்லாம்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இயந்திரம் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து, "மேடம், அசையக்கூடாது," என்றாள்.

"அது நாந்தாண்டி! உனக்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிற நாளெல்லாம் புத்தகத்தைச் சமையல்கட்டு மேசைல போட்டுட்டுப் போவியே. வீட்ல தாள் ஏது? நீ இன்னும் தொடாத பக்கமாப் பாத்து ஓரத்துல போடுவேன். ஏற்கெனவே கிறுக்கின புத்தகம்தானே, டீச்சருக்குத் தெரியாதுன்னு."

"நீ ஏழாங்கிளாஸ்."

"அதுக்கு? நல்லா இருந்துச்சு, போட்டேன். நீ திருத்திச் சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு நாளாவது சரின்னோ தப்புன்னோ சொன்னியா? அக்கா ரொம்பக் கண்டிப்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

எந்த மூளைக்குப் பயந்து அவளைத் தனியாக அனுப்பினேனோ, அது என் பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரப் பெயரைப் பார்த்ததும் விடை அவர்களுடையதுதான் என்று நம்பிவிட்டேன். எந்த அலுவலகமும் என்னை அப்படி நம்பச் சொல்லிப் படிவம் அனுப்பவில்லை.

"கேரல் ஆனுக்கு நன்றி சொல்லி ஜெபம்கூடப் பண்ணினேன்டி," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வந்து சேரல," என்றாள் வெர்லீன்.

அடக்கத்தன்று என் பெயரைச் சொன்னார்கள். மூன்று தாள்களையும் இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனேன். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"1966-ல் என் படிவத்தை யாரும் மாற்றவில்லை. நான்தான் இந்தப் பக்கம் குறி போட்டேன். பயத்தால் போட்டேன். அவளோடு போவதாக அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அவள் தனியாகப் போனாள். அதற்கு முந்திய வருடம் நான் முதலாவதாக வந்தது அவள் போட்ட கணக்குகளால். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது."

ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் கிளியோபஸ் கோழியும் சோள ரொட்டியுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். இப்போது அவன் சபையின் மூப்பர், காது கேட்கும் கருவி வைத்திருக்கிறான்.

"டீனி, நான் கேட்டது சரிதானா? பத்தாங்கிளாஸ்ல என்னை ரெண்டாவதாக்கினது..."

"வெர்லீன்."

"ஏழாங்கிளாஸ் பிள்ளை."

"ஆமா."

அவன் தட்டை மேசையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தான். "ஐம்பத்தேழு வருஷமா உன்கிட்டத் தோத்துட்டேன்னு வெந்துக்கிட்டிருந்தேன்," என்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேனே."

பிப்ரவரியில் பள்ளியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். தொப்பி வைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் இந்தத் தடவை பேச்சு சின்னது. ஒரு சிறுமி கை தூக்கி, "அப்போ நீங்க என்னதான் செஞ்சீங்க, மிஸ் எர்னஸ்டின்?" என்று கேட்டாள். சன்னலில் நின்று பார்த்தேன் என்று சொன்னேன்.