கழற்றாத கொக்கி

சாலையோரத்தில் ஜாக்கியும் கையுமாக யாராவது குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டால் சின்னப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஆறு வருஷமாக இப்படித்தான். விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போன டிரெய்லர் பஞ்சராகி, ஜாக்கியிலிருந்து நழுவி, தம்பி சீனுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிய நாளிலிருந்து. ஊர் கூடி அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்தது. சின்னப்பனும் அந்தப் பெயரையே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதை விட்டால் பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். சீனு வண்டியில் கை வைக்கக் கூடாது. டயருக்குக் காற்றடிக்கக்கூடப் புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடும் காது சீனுவுடையது. செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு நன்றாகவே நடக்கிறான், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறான், தைரியம் வந்தால் மாமரமே ஏறுகிறான். அதெல்லாம் பரவாயில்லை. ஒரு ஸ்பேனரைத் தொட்டால் மட்டும் அண்ணன்காரன் வீடு அதிரக் கத்துவான்.

அன்றைக்கு மாங்காயை மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, காலி டிரெய்லரோடு அண்ணனும் தம்பியும் தங்கள் ஊரான கார்வேட்டிநகரம் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று. பூட்டிக் கிடந்த ஒரு மாங்காய் மண்டியின் முன்னால், சிமெண்டுத் தரையில், ஒரு பெரிய காரும் அதன் பின்னால் வெள்ளை வீடு மாதிரி ஒரு டிரெய்லரும் நின்றன. ஜன்னல், திரைச்சீலை, மேலே ஒரு சூரியத் தகடு. உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிறவர்களின் வண்டி. வலது பக்க டயர் பிய்ந்து தொங்கியது. அதன் பக்கத்தில் கையில் ஸ்பேனருடன் ஒரு பெண்.

வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான். ஆனால் அவளைச் சுற்றி அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். நம்ம ஊரில் ஒரு வண்டி நின்றால் போதும், அதுவரை வேலை இருந்தவனுக்கெல்லாம் வேலை இல்லாமல் போய்விடும். ஒருவன் எங்கிருந்தோ ஹாலோ பிளாக் கல்லைத் தோளில் தூக்கி வந்துகொண்டிருந்தான். இன்னொருவன், "ராயி பெட்டு, ராயி பெட்டு" என்று, கல்லை வைக்கச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டே தானே கல் தேடினான். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையாலேயே தூக்கிவிடலாம் என்று டிரெய்லரின் அடியில் கை கொடுத்து நின்றார்கள். இன்றைக்கு இங்கே இன்னொரு கால் போகப்போகிறது என்று சின்னப்பனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. டிராக்டரை ஓரங்கட்டிக் குதித்து இறங்கினான்.

இறங்கியவன் என்ன செய்தான் தெரியுமா? நேராகக் காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே போய்க் கொக்கியில் கை வைத்தான். அந்தப் பக்கத்து விவசாயி எவனும் அதைத்தான் செய்வான். டிரெய்லர் பஞ்சரானால் அதை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, டிராக்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் டயர்க்கடைக்காரனைக் கூட்டி வருவது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

"கைய எடுங்க!"

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் சின்னப்பன் மட்டுமல்ல, கல் தூக்கியவனும் நின்றுவிட்டான்.

"இன்னாமா, ஒத்தாசைக்கு வந்தா கத்துற? இத கழட்டிக்கினு புத்தூர் போனா அரை அவர்ல ஆள இட்டுக்கினு வந்துரலாம்" என்றான் சின்னப்பன். ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு.

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். முப்பது வயது இருக்கும். பிரித்திகா என்று பெயர், ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர், சொந்த ஊர் வேலூர் என்பதெல்லாம் பிற்பாடு பேச்சில் தெரிந்தது. "தப்பா நெனைக்காதீங்கண்ணா" என்றாள். "தூக்கி நிறுத்துறப்போ இந்த வண்டிய புடிச்சிக்கினு நிக்கிறதே காருதான். காருக்கு ஹேண்ட்பிரேக் இருக்குது, கியர் போட்டிருக்குது. அத கழட்டிட்டா டிரெய்லர புடிக்க யாரு இருக்காங்க? ஒரு சக்கரம் மேல போன உடனே முன்னால உருளும், இல்ல பின்னால உருளும். ஜாக்கி சாஞ்சிரும். கீழ கீற ஆளு காலி."

சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சின்னப்பன் போகவில்லை. கொக்கியைப் பிடித்த கை அப்படியே நின்றது. விஜயபுரத்தில், அன்றைக்கு, டிராக்டரைக் கழற்றிக்கொண்டு பஞ்சர் ஆளைத் தேடிப் போனது அவன். திரும்பி வருவதற்குள் வேலையை முடித்துவைக்கலாம் என்று தனியாக ஜாக்கி போட்டவன் சீனு. டிரெய்லரைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டுப் போனது யார்? மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தான். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்திருந்த சீனு இறங்கி வந்து, அவள் பேசியதையெல்லாம் ரெண்டடி தள்ளி நின்று கேட்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இனி அந்தப் பெண் வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். சின்னப்பன் அதுவரை பொம்பளை வண்டி ரிப்பேர் பார்த்துப் பார்த்ததில்லை, ஆம்பளையும் இப்படிப் பார்த்துப் பார்த்ததில்லை.

முதலில் அவள் கூட்டத்தைக் கையாண்டாள். ஜாக்கியைக் கையாள்வதைவிட அது பெரிய வேலை. கையால் தூக்க வந்த நாலு பேரையும் விரட்டவில்லை. "நீங்க நாலு பேரும் ரோட்டாண்ட போயி எங்க வூட்டுக்காரர் கூட நில்லுங்க, வர்ற வண்டிய மெதுவா போகச் சொல்லுங்க" என்று கௌரவமான வேலை கொடுத்து அனுப்பினாள். அவள் புருஷன் சஞ்சய் ஐம்பதடி பின்னால் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான், பாவம். ஹாலோ பிளாக்கைச் சுமந்து வந்தவனிடம், "இது செவுரு கட்டத்தான்ணா ஆவும், பாரம் வெச்சா பொலபொலன்னு ஒடையும்" என்று சொல்லி அதை அவனுக்கே நாற்காலியாக்கினாள். அவனும் மகிழ்ச்சியாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

டயர் போனதும் அங்கேயே நிறுத்தாமல், சரிவான ஓரத்தை விட்டு இந்தச் சமதரை வரைக்கும் மெல்ல உருட்டி வந்திருக்கிறாள். அதனால்தான் டயர் அப்படிப் பிய்ந்து கிடந்தது. "டயர் போனா போவுது" என்றாள் யாரோ கேட்டதற்கு. நல்லாயிருக்கிற இடது சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஆப்பு மாதிரி சீவிய ரெண்டு மரக்கட்டைகளைச் செருகி, காலால் உதைத்து உதைத்துப் பார்த்தாள். பிறகு, தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தினாள். மேலே தூக்கிவிட்டு இழுத்தால் வண்டி ஆடுமாம். சின்னப்பன் தன் ஆயுளில் எத்தனை சக்கரம் கழற்றியிருப்பான், எல்லாம் தூக்கிவிட்டு இழுத்ததுதான்.

ஜாக்கியை எடுத்தவள் சட்டென்று நிறுத்தி, டிரெய்லரின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே கிருஷ்ணம்மா! எதிர்ப்பக்கம் நாவல்பழம் விற்கிறவள், கூடையை வெளியே வைத்துவிட்டு, குட்டி அடுப்பையும் குட்டி வாஷ்பேசினையும் திறந்து மூடி ரசித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எறங்குக்கா. ஆளு உள்ள இருந்தா தூக்கமாட்டேன்."

"நான் இன்னா பாரமா கீறேன்? துன்றதே ஒரு வேளை" என்றாள் கிருஷ்ணம்மா, நல்ல கனத்த சரீரத்தை நகர்த்திக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். பிரித்திகாவும் சிரித்தாள், ஆனால் கிருஷ்ணம்மா இறங்கித் தள்ளிப் போகிறவரைக்கும் ஜாக்கியைக் கீழே வைக்கவில்லை.

தடித்த பலகை ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினாள். அச்சுக்கு அடியில் அல்ல. அது உள்ளே வெற்றாக இருக்கும் குழாய், வளைந்துவிடும் என்றாள். அடிச்சட்டத்தில் மஞ்சள் பெயிண்டால் குறி போட்டு வைத்திருந்த இடத்தில்தான் ஜாக்கி முட்டியது. கைப்பிடியை அடிக்க அடிக்க வெள்ளை வீடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. சக்கரம் தரையை விட்டதும் நிறுத்தினாள். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட இல்லை. உடனே சட்டத்தின் கீழே ஓர் இரும்பு ஸ்டாண்டையும் முட்டுக் கொடுத்தாள். இத்தனைக்கும் அவள் உடம்பில் ஒரு பாகம்கூட டிரெய்லருக்கு அடியில் போகவில்லை. எல்லாம் எட்ட இருந்து, கையை மட்டும் நீட்டி. இந்தப் பொண்ணைப் பெத்தவங்க கொடுத்து வைத்தவர்கள் என்று சின்னப்பன் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

அப்போதுதான் அந்த கிரானைட் லாரி வந்தது. சஞ்சய் துண்டை வீசினான், நாலு பேரும் கத்தினார்கள், லாரிக்காரன் ஒன்றையும் சட்டை செய்யவில்லை. வீடு அளவு கல் ரெண்டைச் சுமந்துகொண்டு அவன் கடந்துபோன வேகத்தில் காற்று அறைந்தது, தரை அதிர்ந்தது. வெள்ளை டிரெய்லர் கடகடவென்று ஆடியது. கூட்டம் அலறிப் பின்னால் பாய்ந்தது. சின்னப்பன் மட்டும் பாயவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டான். இதே சத்தத்தை ஆறு வருஷமாகத் தூக்கத்தில் கேட்கிறவன் அவன்.

கண்ணைத் திறந்தபோது டிரெய்லர் நின்றது. ஆடியதோடு சரி, ஒரு அங்குலம் நகரவில்லை. பின்பக்கம் கட்டை பிடித்திருந்தது, முன்பக்கம் கார் பிடித்திருந்தது. பிரித்திகா சக்கரத்தைவிட்டு ஒரு கை தூரத்தில், போன லாரியை ஒரு நல்ல வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதில் தெய்வமும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்திருந்தாள், அவ்வளவுதான். சின்னப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாராட்டா, துக்கமா, அவனுக்கே தெரியவில்லை.

ஸ்டெப்னி ஏறியது. டிரெய்லரை இறக்கிய பிறகு நட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். அவள் கை ஓய்ந்திருந்தது. "நான் இறுக்கட்டா?" என்று ஒரு குரல் கேட்டது. சீனு.

அவள் அவன் காலைப் பார்க்கவில்லை. "எதிரும் புதிருமா இறுக்குங்க, சுத்திக்கினே போகாதீங்க" என்று ஸ்பேனரை நீட்டினாள்.

"சீனு, வோணாம்டா" என்று சின்னப்பனின் வாய் வழக்கப்படி திறந்தது. சீனு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல காலை ஊன்றிக்கொண்டு, உடம்புப் பாரத்தை ஸ்பேனரின் மேல் சாய்த்தான். முதல் நட்டு. அதற்கு நேர் எதிர் நட்டு. கை ஒன்றையும் மறக்கவில்லை. சின்னப்பன் அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அன்னிக்கு டிராக்டர கழட்டிக்கினு போனது நான்தான்டா" என்றான் மெதுவாக. "என்னாலதான் உன் காலு போச்சி. தலையெழுத்துன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."

சீனு மூன்றாவது நட்டை இறுக்கி முடித்தான்.

"காலு போனதுக்கு உன்ன நான் ஒரு வார்த்த கேட்டனாண்ணா? ரெண்டு பேருக்கும் தெரியல, போயிடுச்சி. அது ஒரு நாளு. ஆனா அதுக்கப்புறம் ஆறு வருசமா என் கைய கட்டிப்போட்டு வெச்சிருக்கியே, அது யாரு செஞ்சது? அதுக்கின்னா பேரு வெப்ப?"

சாலையில் கார்களும் பஸ்களும் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தன. சீனு மிச்ச நட்டுகளையும் இறுக்கி, ஒருமுறை சரிபார்த்து, ஸ்பேனரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். "ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்க" என்று அவளுக்கே சொன்னான். அவளும், "சரிண்ணா" என்றாள், அது தனக்குத் தெரியாதது மாதிரி.

வெள்ளை டிரெய்லர் போனதும் அண்ணன் டிராக்டரைக் கிளப்பவில்லை. பின்னால் போய்த் தங்கள் டிரெய்லரின் டயர் ஒன்றை அமுக்கிப் பார்த்தான்.

"நம்ம டிரெய்லர்ல பின்னால டயர் ஒண்ணுல காத்தே நிக்கமாட்டேங்குது" என்றான். "வூட்டுக்குப் போனதும் பாத்துர்றியா?"

"பாக்குறேன். கட்டை ரெண்டு சீவணும்."

"நான் சீவித் தரேன்."

"நீ சீவினா கோணலா போவும்" என்றான் சீனு. "நானே சீவிக்கிறேன், நீ வண்டிய எடு."