மூக்கர் சொன்னால் சரி

அந்த ஹோட்டலில் ஒயின் பரிமாறுகிறவரின் சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மூக்கர். கார்க்கைப் பிடுங்கி ஒரு தடவை மோந்து பார்த்தாரென்றால் பாட்டிலின் பூர்வீகத்தையே சொல்லிவிடுவார் என்று பேர். 'மூக்கர் சொன்னால் சரி' என்பது அங்கே சட்டம் மாதிரி. அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் செத்துப்போனது. காய்ச்சல் போய்விட்டது, வாசனை திரும்பி வரவில்லை. இப்போது மூக்கு கண்ணாடி மாட்டத்தான் உதவுகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

தனிக்கட்டை. அறையில் பால் தீய்ந்தால் புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். தன் சட்டை நாறுகிறதா என்று கேட்க ஆளில்லாததால் இரண்டு வேளை குளித்தார். பஸ்ஸில் யாராவது பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போனால், இறங்கும் இடம் வந்துதான் போனார்களா, தன்னால் போனார்களா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வருவார். டாக்டரிடம் போனால் சீட்டு எழுதிக் கொடுப்பார், அந்தச் சீட்டு வைத்தியச் செலவுக் கணக்கோடு ஹோட்டலுக்குப் போகும், ஹோட்டலுக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

வேலையில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வழக்கம்போலத் தன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார், கண்ணை மூடி மோப்பார், ஒரு வாய் குடிப்பார். நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் விழும். நல்ல ஒயினும் புளிக்கும், கெட்டுப்போனதும் புளிக்கும். எந்தப் புளிப்பு என்று சொல்ல வேண்டியது மூக்கு. அதனால் நிறத்தையும் கார்க்கையும் பார்த்து முடிவு செய்தார். துளி சந்தேகம் வந்தாலும் 'இது கெட்டுப்போச்சு' என்று எடுத்துப்போய்விட்டு வேறு பாட்டில் கொண்டுவருவார். நல்லதைக் கெட்டது என்று சொன்னால் எந்த வாடிக்கையாளரும் சண்டைக்கு வரமாட்டார். மாறாக, எவ்வளவு கறாரான மனுஷன் என்று மெச்சிக்கொள்வார். மேனேஜர்தான் இப்போதெல்லாம் பாட்டில்கள் ஏன் இவ்வளவு கெட்டுப்போகின்றன என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், வயதான அம்மா ஒருத்தர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பைக்குள் பழைய புடவைத் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில். பிரெஞ்சு சிவப்பு ஒயின். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. வருஷத்தைக் கையால் எழுதியிருந்தார்கள்.

அந்த அம்மா தையல்கடை வைத்திருந்தவர். வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் மெக்கானிக். ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது உள்ளூரில் சுற்றப் போனவருக்கு, அண்ணனும் தங்கையுமாகச் சின்னத் திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம் பழக்கமானது. அவர்களுடைய பம்பு செட்டைச் சரிசெய்து கொடுத்ததற்குக் கிடைத்தது இந்த பாட்டில். இருபது வருஷம் தொடாதே என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அவரும் தொடவில்லை. நாள் நெருங்கும்போது ஆளே போய்விட்டார். நாளைக்கு அந்த அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போகிறார். மூட்டை கட்டும்போது மகன் இதைக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறான்.

"நான் இதெல்லாம் குடிச்சதே இல்ல," என்றார். "அவர் இதைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடணும். திறக்கக்கூடத் தெரியாது எனக்கு."

மூக்கர் பாட்டிலை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். பாட்டிலை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஷோகேஸில், பொம்மைகளுக்குப் பக்கத்தில், நிற்கவைத்து. கார்க் காய்ந்துபோகாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டியதை இத்தனை வருஷம் நிற்கவைத்தால் அது என்னத்துக்கு ஆகும்? திருகி இழுத்ததும் பாதியிலேயே ஒடிந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அளவும் இறங்கியிருந்தது. தன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். சிவப்பு வெளுத்து ஓரமெல்லாம் செங்கல் நிறம். மோந்தார், வெறும் காற்று. குடித்தார், புளிப்பு.

கண்ணுக்குத் தெரிந்த எல்லாமே கெட்டது என்றுதான் சொன்னது. நல்லது என்று சொல்லி, அந்த அம்மா ஆசையாக வாயில் வைத்து முகம் சுளித்தால்? கல்லாவில் மேனேஜர் வேறு உட்கார்ந்திருந்தார்.

"கெட்டுப்போச்சும்மா," என்றார் மூக்கர்.

அந்த அம்மா கிளாஸ் பக்கம் லேசாகக் குனிந்தார். "வாசம் நல்லாத்தானே வருது?"

"முதல்ல அப்படித்தாம்மா தெரியும். குடிக்க முடியாது."

"நான்தான் ரொம்ப நாள் வெச்சுட்டேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் பேச்சை வளர்த்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் மனுஷன் ஆமென்று தலையாட்டிவிட்டார். அந்த அம்மா புடவைத் துண்டை நாலாக மடித்தார். கொட்டிவிட்டு பாட்டிலை மட்டும் கழுவித் தந்தால் போதும், அதையாவது வைத்துக்கொள்கிறேன் என்றார்.

சமையலறைத் தொட்டியில் பாட்டிலைக் கவிழ்த்தார் மூக்கர். குடுகுடுவென்று போனது. பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். அடுப்பிலிருந்து தலைமைச் சமையல்காரர் திரும்பினார். அவர் லேசில் அடுப்பை விட்டு நகர்கிற ஆளில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். காய் நறுக்கியவரும் வந்தார். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். மூக்கர் ஒருவர்தான் எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இது, இப்படி மணக்குது," என்றாள் தட்டு கழுவுகிறவள்.

சமையல்காரர் பாட்டில் வாயில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மூக்கரின் முகத்தையே பார்த்தார். "இதையா கொட்டுறீங்க?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார்.

மூக்கர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஹோட்டல் பாட்டில் ஒன்று வீணானால் மாற்று பாட்டில் உண்டு. இதற்கு எங்கே போவது? அடியில் வண்டலோடு இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. அதைக் கொட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. சமையல்காரர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டே அந்த மனுஷி மிச்ச காலத்தை ஓட்டும். மனசு கேட்கவில்லை. பாட்டிலோடு வெளியே வந்தார்.

அந்த அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மூக்கர் அங்கேயே, மேனேஜர் காதில் விழும்படியே சொன்னார். "அம்மா, இது கெடல. எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு. ஒரு வாசனையும் தெரியாது. குத்துமதிப்பா சொன்னேன். பாதிக்கு மேல கொட்டிட்டேன்... பாதி இல்ல, முக்காவாசியும் கொட்டிட்டேன்."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். மூக்கர் வண்டல் கலங்காமல் வடித்துக் கிளாஸில் ஊற்றினார். அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அவ்வளவுதான், கிளாஸ் காலி.

"நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார் மூக்கர். இத்தனை வருஷம் அவரிடம் எல்லோரும் கேட்ட கேள்வி அது.

"நல்லா இருக்கு." கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொஞ்சமா இருக்கு."

மூக்கர் காலி பாட்டிலை மேசையில் வைத்தார். அதற்கு மேல் கேட்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் கேட்டார், எப்படி மணக்கிறது என்று.

அந்த அம்மா கிளாஸை மறுபடி முகத்துக்கிட்டே கொண்டுபோனார். "புதுத் துணியை முதல் தடவை இஸ்திரி போடறப்ப ஆவி வரும்ல. அது மாதிரி. அப்புறம் உலர்ந்த பழம்... சரியா சொல்லத் தெரியல. அவர் இருந்தா சொல்லுவார்." பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "கழுவ வேணாம். இப்படியே இருக்கட்டும்."

மூக்கர் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் மேனேஜர் கூப்பிட்டதற்கு, வருகிறேன் என்று கை காட்டினார். இத்தனை வருஷமாகப் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையைத் தினமும் அவரே இஸ்திரி போடுகிறார். அந்த ஆவி எப்படி மணக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.